இடது பக்கம் அரண்மனை

அன்றைய மாலை ஆட்டத்தில் மேடையிலும் மேடைக்குப் பின்னாலும் இருந்தவர்கள் இவர்கள்தான். ராஜா வேடம் கட்டிய பெரியவர். ராஜமாதாவாக நடித்த அவருடைய தங்கை. மந்திரியாக அவர்களுடைய தம்பி. உடைகளையும் திரையையும் பார்த்துக்கொண்ட தம்பி மனைவி. தலைமயிருக்குச் சாயம் பூசிக்கொண்டு இளவரசனாக வந்த தம்பி மகன். முப்பத்தைந்து வயதாகியும் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். பிறகு, வேன் ஓட்டுவது முதல் ஆணி அடிப்பது வரை எல்லாம் செய்கிற தச்சர். இவர்களைத் தவிர வேறு யாருக்கும் நடந்தது முழுதாகத் தெரியாது. தெரியாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

அது அப்பா ஆரம்பித்த குழு. ஒப்புக்கொண்ட ஊருக்கு அவர்கள் போகாமல் இருந்ததில்லை. தூக்கிய திரையைக் கதை முடியாமல் இறக்கியதில்லை. குடும்பத்துக்குச் சொத்து என்றால் அந்தப் பேர் ஒன்றுதான். மிச்சமெல்லாம் ஒரு வேனுக்குள் அடங்கிவிடும்.

அந்த வேனில்தான் அன்று காலை பேச்சு ஆரம்பித்தது. முந்தின ஊரில் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார்கள். யாருக்கும் முதுகு நேராக இல்லை. துவைத்துக் காயாத காலுறைகள் ஜன்னல் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. பெரியவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து, காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பழைய அரிதாரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு வந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த இடத்தில் ராஜா கொஞ்சம் மிச்சம் இருப்பார். அன்று கண் விழித்தபோது எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை. யாரையும் கேட்கவும் மனம் வரவில்லை.

"அண்ணா, ஒரு விஷயம்" என்றாள் தங்கை, பின்னாலிருந்து.

"சொல்லு."

"பொண்ணு பேசினா. அவ வீட்டுல பின்னறையைக் காலி பண்ணிட்டாளாம். கட்டில்கூடப் போட்டாச்சாம். வந்துடும்மான்னு சொல்றா."

"நல்லது. ஆட்டம் இல்லாத மாசத்துல போய் இருந்துட்டு வா."

"இருந்துட்டு வர்றதுக்கு இல்லண்ணா. இருக்கறதுக்கு."

பெரியவர் ரோட்டையே பார்த்தார். ஒரு லாரி எதிரில் வந்து, தூசியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"நம்ம குடும்பத்துல யாரும் பாதியில இறங்கினது கிடையாது."

"பாதியா? எனக்கு அறுபத்து மூணு ஆகுது. இதுதான் பாதின்னா முழுசு எப்போண்ணா?"

தம்பி களுக்கென்று சிரித்தான். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"முட்டி ரெண்டும் என் பேச்சைக் கேக்கறதில்ல. சிம்மாசனத்துக்கு மூணு படி. ஒவ்வொரு படிக்கும் எனக்கு உசுர் போய் வருது" என்றாள் தங்கை.

"ராத்திரி தைலம் தேய்ச்சுக்கோ" என்றார் பெரியவர். அதோடு பேச்சு முடிந்தது. அதாவது, அவர் முடித்துவிட்டார்.

அவர் கல் மனசுக்காரர் இல்லை. தங்கை இல்லாத மேடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் முதலில் அவருக்குத் தங்கையாகவே நடித்தாள். கொஞ்சம் சதை போட்டதும் அக்காவானாள். நரை கண்டதும் தாயானாள். அவளுக்கு ஏழு வயது மூத்த அவர் மட்டும் இத்தனை காலமும் அதே ராஜா. இதைச் சொல்லித் தம்பி ஊருக்கு ஊர் கேலி செய்வான்: "அக்கா, இன்னும் பத்து வருஷம் போனா அண்ணனுக்கு நீ கொள்ளுப்பாட்டி. அப்பவும் அவர் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருப்பார்!"

புது ஊரின் மண்டபம் நாடகத்துக்காகக் கட்டப்பட்டதே இல்லை. கூட்டம் போடுவதற்கும் பேசுவதற்கும் கட்டியது. தச்சர் உள்ளே போய் அளந்து பார்த்துவிட்டு, காதில் பென்சிலோடு வந்து நின்றார்.

"ஐயா, இடது பக்கம் இடமே இல்ல. ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கலாம், அவ்வளவுதான். அதையும் ஒட்டித் தெருவுக்குப் போற கதவு. உள்ளேர்ந்து லேசா சாஞ்சாலே திறந்துக்குது, தானா சாத்திக்குது. வெளியிலேர்ந்து திறக்க வழியில்ல. பூட்டவும் கூடாதாம், தீப்பிடிச்சா ஓடறதுக்காம். இன்னிக்கு ஒரு நாளைக்கு அரண்மனையை வலது பக்கம் மாத்திக்கலாம்."

தம்பியும், தம்பி மனைவியும், சின்னவனும் பெரியவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும். அப்பா வைத்த முறை அது. எந்த ஊர், எந்த மேடை, எந்த நாடகமாக இருந்தாலும் இடது பக்கம் அரண்மனை, வலது பக்கம் ஊர். வீட்டுக்குள் போகிறவன் இடது பக்கம் போவான். வெளியே போகிறவன் வலது பக்கம் போவான். எவ்வளவு களைத்திருந்தாலும், முந்தின இரவு எந்த மேடையில் நின்றிருந்தாலும், கால் தானாகப் போய்ச் சேரும். பார்க்கிறவனுக்கும் குழப்பம் இல்லை.

"அரண்மனை இடது பக்கம்தான்" என்றார் பெரியவர்.

"பெரியப்பா, அத்தை எப்படி அந்தச் சந்துக்குள்ள..." என்று ஆரம்பித்தான் சின்னவன்.

"ஒருக்களிச்சு நிக்கட்டும்."

தங்கை தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் வெயில் தாழுமுன்பே ஆரம்பித்தது. கூட்டம் மோசமில்லை. அரண்மனைத் திரைச்சீலையில், மடிப்பு விழுந்த கோடு வழக்கம்போல் மாடத்தை இரண்டாக வெட்டியது. முதல் இரண்டு காட்சிகளும் பழகிய வண்டித்தடத்தில் போவதுபோல் போயின. பெரியவருக்கு வசனம் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. மனது கட்டில் போட்டிருக்கிற ஒரு பின்னறையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் காட்சியில் ராஜமாதா, போருக்குப் போகும் பேரனுக்காகக் குலத்தின் வாளை எடுத்துவர உள்ளே போவாள். ராஜாவும் மந்திரியும் நான்கு வரி பேசுவார்கள். அவள் வாளோடு திரும்புவாள். இளவரசன் மண்டியிட்டு வாங்கிக்கொள்வான்.

அவள் இடது பக்கம் போனாள். நான்கு வரியும் முடிந்தது. அவள் வரவில்லை.

பெரியவர் கடைசி வரியை இன்னொரு தரம், கூடுதல் உருக்கத்தோடு சொன்னார். வரவில்லை.

"மந்திரியே," என்றார், "வாளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ."

"நீண்ட நாள் துரு, அரசே" என்றான் தம்பி. கூட்டம் சிரித்தது. "நான் போய்ப் பார்த்து வரட்டுமா?"

தம்பி சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் மந்திரி இல்லை. கையில் வாள் இருந்தது.

"அரசே, வாள் இருக்கிறது." அவன் வாளைத் தூக்கிக் காட்டினான். "ராஜமாதாவைக் காணவில்லை."

பெரியவர் சந்துப் பக்கம் பார்த்தார். போய்விட்டாள். சொன்னதுபோலவே போய்விட்டாள். பாதியில் இறங்கினதில்லை என்று காலையில் சொன்ன வாய்க்கு, சாயங்காலமே பதில் சொல்லிவிட்டாள். வலது ஓரத்தில் தம்பி மனைவி திரைக்கயிற்றைப் பிடித்தபடி, இறக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். அவர் சுண்டுவிரலை மட்டும் அசைத்தார். கூடாது.

அதற்குப் பிறகு அவர் பேசியது எந்த நாடகத்திலும் இல்லாதது. தாயைப் பற்றிப் பேசினார். வேறு எது பேசுவது என்று தெரியாமல்தான் ஆரம்பித்தார். நான் சிறுவனாக இருந்தபோது என் தாய், என்று தொடங்கி, வார்த்தை வராதபோதெல்லாம் தங்கை செய்தவற்றைத் தாயின் மேல் ஏற்றிச் சொன்னார். காய்ச்சலோடு நடித்தது. பிரசவத்துக்குப் போய் நாற்பதாம் நாள் மேடைக்குத் திரும்பியது. எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து, கிழிந்த உடைகளைத் தைத்தது. "ஒரு நாளாவது உட்காருங்கள் என்று நான் சொன்னதில்லை, மந்திரியே" என்றார். அரங்கம் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அடங்கியிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இழுக்க முடியும் என்று அவர் யோசித்தார்.

அப்போதுதான் மண்டபத்தின் பெரிய வாசல் திறந்தது.

வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கிரீடம். பிறகு அவள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் கையை நீட்டியபடியே பின்னால் வந்து, பாதியில் நின்றுவிட்டான். அவள் நாற்காலி வரிசைகளின் நடுவே, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்து, நேராக மேடையைப் பார்த்து வந்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவர் எழுந்து வழிவிட்டார்.

மேடையடியில் வந்து நின்றாள். ஏறுவதற்கு அந்தப் பக்கம் படி இல்லை. இருந்திருந்தாலும் அவளால் முடிந்திருக்காது.

அரிதாரம் பூசிய பிறகு மேடையை விட்டுக் கீழே இறங்குவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. பெரியவர் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். அங்கியைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகள் மதில் தாண்டுவதுபோல் கீழே குதித்தார். இடுப்பில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. அவள் கையைப் பிடித்தார்.

"ஏன் தாயே இவ்வளவு தாமதம்?"

"வாசல் சாத்திக்கொண்டது, மகனே" என்றாள் அவள், மூச்சு வாங்க.

தம்பி மேலிருந்து வாளை நீட்டினான். சின்னவன் யாரும் சொல்லாமலே கீழே குதித்து, நாற்காலிகளுக்கு நடுவில் மண்டியிட்டு வாளை வாங்கிக்கொண்டான். அப்போது எழுந்த கைத்தட்டலை அவர்கள் அண்மையில் எந்த ஊரிலும் கேட்டதில்லை. அப்படித்தான் கதை எழுதியிருக்கிறது என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. மிச்சக் காட்சிகளும் ஒழுங்காக நடந்து, முடிய வேண்டிய இடத்தில் திரை இறங்கியது.

உடை மாற்றும் அறையில் தம்பி மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "என்ன ஆச்சுக்கா? எங்களுக்கு உசுரே போயிடுச்சு."

"என்ன ஆகும்? கால் கடுத்துது, கொஞ்சம் சாஞ்சேன். சாஞ்சது கதவு. அடுத்த நிமிஷம் தெருவுல நிக்கறேன், கிரீடத்தோட. தட்டித் தட்டிப் பார்த்தேன், உள்ள இவர் கர்ஜிக்கற கர்ஜனையில யாருக்குக் கேக்கும்?"

"சுத்தி வர இவ்வளவு நேரமா?" என்றான் தம்பி.

"முடியலடா. எதிர்ல பஸ் நிக்கற இடத்துல பெஞ்சு ஒண்ணு இருந்துது. உக்காந்துட்டேன்." பஞ்சில் எண்ணெய் தொட்டுக் கன்னத்தைத் துடைத்தாள். "காத்து நல்லா வந்துது. ஒரு பஸ் வந்து நின்னுது. கதவைத் திறந்து, ஏறுறீங்களாம்மான்னு கேட்டான் டிரைவர். அந்த வண்டி என் பொண்ணு ஊர் வழியாத்தான் போகுது. போர்டுல பாத்தேன்."

பெரியவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினார். "நீ என்ன சொன்னே?"

"எனக்கு இன்னும் ரெண்டு காட்சி பாக்கி இருக்குன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டான்."

சின்னவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மீசையைப் பிய்த்து எடுத்தார். அது வழக்கத்தைவிடக் கெட்டியாக ஒட்டியிருந்தது. நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்டதை அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"காலையில அந்த பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சுட்டு வா" என்றார், தச்சரிடம்.

"அண்ணா..."

"பேசாதே. எழுபது வயசு ராஜாவுக்கு அம்மா உயிரோட இருக்கறதே அதிகம். ஜனங்க இத்தனை நாள் பொறுத்துக்கிட்டாங்க."

"அப்போ வாளை யாரு எடுத்துக் குடுப்பாங்க?" என்றான் தம்பி.

"நீ எடுத்துக் குடு. மந்திரின்னா சும்மா நின்னு சிரிக்கறதுக்கா?"

தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அரிதாரம் பாதி துடைத்த முகத்தில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். "இடுப்புல தைலம் தேய்ச்சுக்கோங்க" என்றாள் கடைசியில்.

ராஜமாதா ஆட்டத்தின் நடுவிலேயே, அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, கிரீடத்தோடு பஸ் ஏறி ஓடிவிட்டாள் என்று அந்த ஊரிலும் அதற்குப் பிறகு போன ஊர்களிலும் சொல்லிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள், ஏறவில்லை. திரும்பி வந்து, தன் காட்சிகளை முடித்து, கூட்டத்துக்கு வணக்கம் சொன்னாள். மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு, தன் சொந்தச் சேலையில், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளை ஏற்றிவிட்டது அவளுடைய அண்ணன். கிரீடம் குழுவின் தகரப்பெட்டியில் இருக்கிறது.