பிள்ளையின் காப்பு

கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் பிந்துவுக்கு வேலை, விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது. புது விளையாட்டில் ஒரு நகரம். டிராகன் கக்கிய தீயில் வெந்துபோனது; சாம்பல்கூட இன்னும் அடங்கவில்லை. அங்கே ஒரு வீட்டில் தாயும் குழந்தையும் எலும்பாகக் கிடந்தார்கள். குழந்தையின் கையிலிருந்த தங்கக் காப்பைத் தொட்டால் போதும், 'கிளிங்' என்று நம் பைக்குள் வந்து விழும்.

சீ, இழவு வீட்டில் திருடுவதற்கு மணியோசை வேறா! பிந்து எழுந்து மேலதிகாரி ஸ்ரீநிவாஸிடம் போனாள்.

"செத்த பிள்ளைக்க காப்பு தொட்டதும் கையில வருது சார். இது செரியில்ல."

"வாஸ்தவம்தான். மாத்திடறேன்," என்றார்.

மறுநாள் திறந்து பார்த்தாள். தாய் இப்போது குழந்தையை இறுக அணைத்துக் கிடந்தாள். அவள் கைகளை முறித்தால்தான் காப்பு கிடைக்கும்.

ஸ்ரீநிவாஸ் பின்னால் வந்து நின்றார். "இப்போ சுலபமா வராது, சரிதானே? எலும்பு ஒடியற சத்தம் கேட்டியோ? சாலை மார்க்கெட்ல முருங்கைக்காய் வாங்கி, ஒடிச்சு ரெக்கார்ட் பண்ணினோமாக்கும்!"

மத்தியானம் பிந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். அம்மா வைத்திருந்தது முருங்கைக்காய்த் தீயல். வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள்.