கண்மாய்க்குள் நின்ற கோயில்

கம்பெனி கொடுத்த வரைபடத்தில் எங்கள் தெருப் பத்திரகாளி கோயில் கண்மாய்த் தண்ணீருக்குள் நின்றது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. தப்பைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேனே!

எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறை இருக்கிறது. அம்மா ஆவுடைத்தாய்க்கு அங்கேதான் வேலை. வீடுகளெல்லாம் பாதுகாப்பான தூரத்தில் இருப்பதாக அந்த வரைபடத்தைக் காட்டித்தான் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அறையை வேறு இடத்துக்கு மாற்ற வைக்க வேண்டும், தெருவுக்கு அது ஒன்றுதான் வேண்டும். "கீர்த்திகா, நீதான தாயி மேப்பு படிச்சவ" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அறையைச் செயற்கைக்கோள் கருவியால் அளந்திருந்தார்கள். தெருவையும் கோயிலையும் பழைய சர்வே படத்திலிருந்து எடுத்திருந்தார்கள். இரண்டும் பூமியை வெவ்வேறு கணக்கில் அளப்பவை. பழைய படத்தைக் கணினியில் மாற்றும்போது அதற்குரிய ஆயத்தொலை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்கள் செயற்கைக்கோளுக்குரிய புதிய முறையையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். படத்தில் தெரு மொத்தமும் அறையை விட்டு விலகிப் போய்விட்டது. தெரியாமல் செய்தார்களாம். நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா?

"ஆத்தா குளிக்க எறங்கியிருப்பா, விடும்மா" என்று சிரித்தார் ஆலை மேனேஜர் நல்லசிவம்.

நான் விடவில்லை. சரியான முறையில் மாற்றினேன். கோயில் கரையேறியது. தெரு ஆபத்து வட்டத்துக்குள் வந்தது, எங்கள் அடுப்படியும் சேர்த்து. உரிமம் கொடுக்கும் அதிகாரியே நேரில் வந்து அளந்து பார்த்து ஒத்துக்கொண்டார். தெருவில் எனக்கு மாலை போடாத குறைதான்.

போன வாரம் உத்தரவு வந்தது. உரிமம் வாங்கிய அறை முதலில் வந்ததாம். வீடுகள் பிற்பாடு புறம்போக்கில் கட்டியவையாம். ஆகவே வீடுகளைக் காலி செய்ய வேண்டுமாம். ஆதாரமாகப் பின்னால் இணைத்திருந்தது என் வரைபடம். தெருவில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நல்லசிவம் மட்டும் வீடு தேடி வந்தார். "எம்புட்டுத் தூரம் போனாலும் வேன் அனுப்புதோம், வேலைக்குத் தட்டுப்பாடு இருக்காது" என்றார் அம்மாவிடம்.

அவர் போன பிறகு அம்மா கையில் ஒட்டியிருந்த மருந்தைத் தேய்த்துக் கழுவினாள். அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

"வீடு தள்ளி இருக்கணுங்காக. சரி. நா அந்த ரூமுக்குள்ளதானடீ பகலெல்லாம் ஒக்காந்திருக்கேன். ஒன் மேப்புல நா எங்கன இருக்கேன்?"