தலை ஆடாத நடை

பதினெட்டாயிரத்து நானூறு. என் மகள் அனிமேஷன் படித்த பயிற்சிக்கூடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பாக்கி அது. கட்டினால்தான் சான்றிதழ், கட்டினால்தான் அவள் படத்தைக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் கட்டட வேலையில் செங்கல் சுமப்பவள். இடுப்புப் பிடித்து இரண்டு மாதம் படுத்ததில் கடைசித் தவணை நின்றுபோனது.

இந்தத் தொழிலில் வேலை கேட்டுப் போகிறவர்கள் ஒரு நிமிஷப் படம் காட்ட வேண்டும். மகள் அதில் என்னைத்தான் போட்டிருந்தாள். நான் கல்லோடு சாரப் பலகை ஏறுவதைப் போனில் பிடித்துக்கொண்டு போய், நொடிக்கு இருபத்துநாலு படமாக வரைந்திருந்தாள்.

வாத்தியார் பாதி மதிப்பெண்தான் போட்டார்.

"நடந்தா தலை ஏறி இறங்கணும். முதல் வாரமே சொன்னேனே. இது என்ன, கயித்துல கட்டி இழுத்த மாதிரி?"

"தலையில பன்னெண்டு கல்லு இருக்கு சார். ஆடினா விழுந்துடும்."

"மாத்திக் கொண்டா."

"மாட்டேன் சார்."

வீட்டில் அவள் இதை என்னிடம் சொன்னாள்.

"வாத்தியாரோட மல்லுக்கு நிக்கவாடி உன்னைப் படிக்க வச்சேன்? மாத்திக் குடு. கடன உடன வாங்கியாவது சான்றிதழை வாங்கிடலாம்."

"அதை யாரும்மா கேக்கப் போறாங்க? படத்தைத்தான் கேப்பாங்க. நீ ஒரு தடவை தலையை ஆட்டிக்கிட்டு சாரம் ஏறிக் காட்டு, மாத்திடறேன்."

"அப்படி ஏறினா கல்லு விழுந்து, மேஸ்திரி என் சீட்டக் கிழிச்சுடுவான்."

"அப்புறம் என்ன?"

வாயாடி. பதினோரு கம்பெனிகளுக்கு அவளே அனுப்பினாள். கூப்பிட்டது ஒன்றுதான். அங்கே ஓர் அம்மாள் படத்தை மூன்று தரம் ஓட்டிப் பார்த்து, "பாரம் தெரியுது" என்றாராம். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சேதி எப்படியோ பரவி, மேனேஜரே போன் செய்தார். 'எங்கள் மாணவி' என்று வாசல் பலகையில் இவள் புகைப்படத்தைப் பெரிதாகப் போட வேண்டுமாம்.

"பாக்கியைத் தள்ளுபடி பண்ணுங்க, போட்டுக்கங்க" என்றாள் மகள்.

மேனேஜர் ஒப்புக்கொண்டார். மறுநாள் இருவரும் போனோம். மேனேஜர் ஒரு தாளையும், கைநாட்டு வைக்க மை டப்பாவையும் என் பக்கம் தள்ளினார். டப்பாவைத் திருப்பித் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தேன். நாற்பது தாண்டி மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவள் நான். வாசிப்பு மெதுவாகத்தான் ஓடும். 'குடும்ப வறுமையை முன்னிட்டு, கருணை அடிப்படையில்...'

"கருணைன்னு போட்டிருக்கே சார்?"

"அது வழக்கமா போடுறதும்மா."

"எனக்குப் போடாதீங்க. இவ மூஞ்சிய நீங்க வாங்குறீங்க, அதுக்குப் பாக்கி கழியுது. இது வியாபாரம். அப்படியே எழுதுங்க."

மேனேஜர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"விடும்மா, காரியம் முடிஞ்சுது" என்று மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"நீ சும்மா இருடி."

பிரிண்டர் மறுபடி ஓடியது. 'புகைப்படத்தைப் பயன்படுத்துவதற்கு ஈடாகப் பாக்கி முழுவதும் தீர்ந்தது' என்று வந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடிக்கும்வரை அவரைக் காக்க வைத்தேன். பிறகு பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.