கறுத்தப் பேடு

கோழி விசயத்தில் ஸைனம்புவோடு வாதாடக் கல்முனைக்குடியில் ஆளில்லை. தெருவில் யார் புதுக்கோழி வாங்கினாலும், அவளிடம் காட்டாமல் கூட்டில் விடமாட்டார்கள். காலைப் பார்ப்பாள், கொண்டையைப் பார்ப்பாள், "இது முட்டை லேயர் கலந்தது, அடைகிடக்காது" என்று ஒரே போடாகப் போடுவாள். அவளுடைய வீட்டு வளவில் நின்ற ஒன்பது கோழிகளின் பூர்வீகமும் அவளுக்கு அத்துப்படி. சவளக்கடை ஊரில் குஞ்சாக வாங்கிய கறுத்தப் பேடு மட்டும் ஒரு மாதிரி. கொண்டையும் கறுப்பு, நாக்கும் கறுப்பு. "ஊர்க்கோழிதான், வெயில்ல திரிஞ்சி கறுத்திட்டு" என்று அதற்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அதை அறுக்க வேண்டி வந்தது. மகள் றுமானாவுக்குக் கலியாணமாகிப் பத்து மாதம். மாப்பிள்ளை நளீம், ஊர் வழக்கப்படி, பெண் வீட்டிலேயே குடியிருந்தான். அவனுடைய உம்மா கமீலா சம்மாந்துறையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வருகிறாள். சம்மந்திக்குப் புறொய்லரையா கொடுப்பது?

மாமிக்கும் மருமகனுக்கும் நேர்ப்பேச்சு இல்லை. அங்கே அதுதான் மரியாதை. அவன் வந்தால் இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். சொல்ல வேண்டியதெல்லாம் றுமானாவின் வாயால்தான் போகும். அதனால் அவன் கிணற்றடியில் கோழியை அறுத்தபோது ஸைனம்பு குசினி அடுப்பை விட்டு வெளியே வரவில்லை. றுமானா குளித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர் யாருமில்லை.

சுடுதண்ணீரில் போட்டு மயிரைப் பிடுங்கியதும் ஸைனம்புவின் கை அப்படியே நின்றது. தோல் கறுப்பு. கத்தியால் கீறினாள். இறைச்சியும் கறுப்பு. தொடையை ஒடித்தாள். எலும்பும் கறுப்பு!

"யா அல்லாஹ்!"

கத்தி தரையில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்து இறைச்சி கறுக்க ஒரே காரணம்தான்: இரத்தம் ஓடவில்லை. உயிர் போன பிறகு கத்தி வைத்தால் இரத்தம் உள்ளேயே உறைந்துவிடும். காலையில் அந்தப் பேடு எலுமிச்சை மரத்தடியில் தூங்கி வழிந்துகொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. பெற்ற தாய்க்கே மார்க்கம் விலக்கிய ஹறாமைத் தின்னக் கொடுக்கப் பார்த்தானா இவன்?

மரியாதையும் மறந்தது, கதவும் மறந்தது. சட்டியோடு வெளியே போய் அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்:

"செத்த கோழியையா அறுத்தீங்க?"

பத்து மாதத்தில் அவள் அவனோடு நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நளீம் விறைத்துப்போனான். ஈரத் தலையோடு ஓடிவந்த றுமானாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "உங்கட உம்மாட்டச் சொல்லுங்க, உசிரோடதான் புடிச்ச. பிஸ்மி சொல்லித்தான் அறுத்த."

"அப்ப இது என்ன நிறம்?"

சட்டியைப் பார்த்து அவனும் திகைத்தான்.  கத்தியைக் கழுவி வைத்தான், சட்டையை மாட்டினான், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே விட்டான்.

"அவர் திரும்பி வரல்லெண்டா நான் என்னம்மா செய்யிற?" என்று றுமானா அழுதாள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால் ஊர் என்ன பெயர் வைக்கும் என்று ஸைனம்புவுக்குத் தெரியாதா?  ஆனாலும் ஹறாம் ஹறாம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சட்டியை ஒளிக்கவும் நேரமிருக்கவில்லை. ஓட்டோவில் வந்திறங்கிய கமீலா நேரே குசினிக்குள் வந்துவிட்டாள். எட்டிப் பார்த்தாள், சிரித்தாள்.

"அட, கருங்கோழி! இத எங்க எடுத்தீங்க மச்சி? எங்கட கூடப்பொறந்த நாநா கூடு கட்டி வளக்கார். இது ஊர்க்கோழியில்லகா, வேற இனம். இறைச்சி, எலும்பு எல்லாம் கறுப்பாத்தான் இரிக்கும். நல்ல சத்து!"

ஸைனம்புவுக்குத் தலையில் இடி விழுந்தது.  ஒரு பாவமும் அறியாத பிள்ளையை என்ன கேள்வி கேட்டுவிட்டாள்!

"மகன் எங்க?" என்றாள் கமீலா.

"ஜும்ஆவுக்கு நேரத்தோட போயிட்டார்." சொல்லும்போதே நாக்குக் கூசியது.

கமீலாவே சேலையைச் செருகிக்கொண்டு கறியை அடுப்பில் ஏற்றினாள். றுமானா அறைக்குள் நின்று திரும்பத் திரும்ப அவனுக்குப் போனில் கோல் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து தெரு நிறைய ஆட்கள் போனார்கள். அவன் மட்டும் இல்லை. வருவான் என்ற நம்பிக்கை ஸைனம்புவுக்கு விட்டுப்போனது.

மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தபோதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பழக்க தோசத்தில் ஸைனம்பு கதவுக்குப் பின்னால் போனாள். நளீம் வாசலிலேயே நின்று ஒரு பையை றுமானாவிடம் நீட்டினான்.

"இதக் கறியாக்குங்க. கடையில அறுத்த கோழி. நான் கை வைக்கல்ல எண்டு உங்கட உம்மாட்டச் சொல்லுங்க."

உள்ளே உட்கார்ந்திருந்த கமீலா வாசலுக்கு வந்துவிட்டாள். "நீ கை வெச்சா என்ன மகன்?"

 கமீலா மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பாதி சாத்திய கதவைப் பார்த்தாள். விசயம் விளங்கியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

மன்னிப்பை மகள் வாயால் சொல்லியனுப்பத்தான் ஸைனம்பு நினைத்திருந்தாள். இனி அது போதாது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.  எல்லாரும் பார்க்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சட்டியிலிருந்து ஒரு கறுத்தத் துண்டை எடுத்துக் கடித்தாள். கண்ணீர் இறைச்சியில் வடிந்தது.

"நீங்க அறுத்ததத்தான் நான் தின்னுவன், மகன்," என்றாள். "பிழை என்ட கண்ணுல. மாப்புத் தாங்க."

 நளீம் பதில் சொல்ல றுமானாவின் பக்கம் திரும்பினான். பிறகு என்ன நினைத்தானோ, மாமியின் முகத்தையே பார்த்தான்.

"வெறும் இறைச்சி தொண்டையில விக்கும் மாமி," என்றான். "சோத்தப் போட்டுத் தின்னுங்க."