காலி மூலையில் ஒரு பூ

சதுரத்தின் வலது கீழ் மூலை காலியாக இருக்கிறது, அந்தக் காலியிடத்தில் பென்சிலால் போட்ட ஒரு சின்னப் பூ, வசுமதியின் சிவப்புப் பேனா அதன் மேல் அப்படியே நின்றுவிட்டது, பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் மின்விசிறி கடகடக்கிறது, பக்கத்து மேசையில் யாரோ சுண்டல் பொட்டலம் பிரிக்கிறார்கள், அவளுக்கு மட்டும் பி.எட். கல்லூரியின் வேப்பமர நிழல், அங்கே கதிரேசன், இன்னும் கணவனாகாத கதிரேசன், வர்க்கப் பூர்த்தியை எதுக்குங்க மனப்பாடம் பண்றீங்க, படமாப் பாருங்க என்கிறான், எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஆறு எக்ஸ் சமம் பதினாறு, எக்ஸ் பக்கமுள்ள ஒரு சதுரம், ஆறைப் பாதியாக்கி வலப்புறம் மூன்று அகலத்தில் ஒரு பட்டை, கீழே இன்னொரு பட்டை, பெரிய சதுரம் ஆவதற்கு மூலையில் மூன்றுக்கு மூன்று ஒரு துண்டுதான் குறையுது, அந்த ஒன்பதை இந்தப் பக்கம் வச்சா அந்தப் பக்கமும் வைக்கணும், இல்லேன்னா அநியாயம், இருபத்தைந்து ஆச்சா, பக்கம் ஐந்து, எக்ஸ் ரெண்டு, மூலையில் பூ மலர்கிறது, அன்றைக்கே அவள் மனசு போய்விட்டது.

அடுத்த தாளிலும் பூ, அதற்கடுத்ததிலும் பூ, கட்டு முழுக்க ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது, வேறு மாவட்டத்துத் தாள்கள், எந்த ஊர் என்று தெரியக்கூடாது, ஆனால் அவளுக்குத் தெரியும், தொண்டிதான், பிலோமினாதான், கல்யாணத்துக்கு முன் கதிரேசன் முதன்முதலில் வேலை பார்த்த பள்ளியின் கணக்கு டீச்சர், பிலோமினா நடத்தினா பாறைக்கும் புரியும் என்று ஒரே ஒரு தடவை சொன்னான், கல்யாணமான புதிது, அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், அந்தத் தோசை கருகிய வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை, எனக்கென்று போட்டதை அவளுக்கும் தூக்கிக் கொடுத்திருக்கிறான், இத்தனை வருஷமாக அங்கே ஒவ்வொரு வகுப்பிலும் என் பூவை அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை, படிப்படியாகப் பார்த்து ஐந்துக்கு ஐந்து போட்டாள், பூவை மட்டும் விடவில்லை, விடைக்குறிப்பில் பூ கிடையாது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக அடித்தாள், சாயந்திரம் கட்டுக்கு அரக்கு வைத்து எடுத்துப்போனார்கள்.

வீட்டில் கதிரேசன் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள், உங்க பிலோமினா பிள்ளைங்க நல்லாத்தான் பூப் போடுதுங்க. என்ன பூ. மூலைப் பூ, எனக்குப் போட்டீங்களே, அவளுக்கும் போட்டுக் காட்டினீங்களாக்கும். அவன் கத்தியைக் கீழே வைத்தான், நான் எங்கே போட்டேன், நான் மூலையைக் காலியாத்தானே விட்டேன், இவ்வளவு இடத்தை வீணாக்குறீங்களேன்னு பேனாவைப் பிடுங்கி நீதான் போட்டே, அப்புறம் பூ இல்லாம அந்தப் படம் எனக்குப் போடவே வரல, தொண்டியில பிலோமினா டீச்சர் கேட்டாங்க, இது யாரு போட்ட பூ சார்னு, என் சம்சாரம்னு சொல்லிட்டேன், அப்ப பொண்ணு பார்க்கக்கூட வரல நாங்க.

வேப்பமர நிழல் திரும்ப வருகிறது, காலி மூலை, பேனா இப்போது அவள் கையில் இருக்கிறது, ஆமாம், அவள் கையில்தான் இருந்தது, விரல்களைப் பார்த்தாள், நுனியெல்லாம் சிவப்பு மை, எங்கேயோ அரக்கு வைத்த கட்டுக்குள் அவள் போட்ட பூவெல்லாம் அவள் கையாலேயே அடிபட்டுக் கிடக்கிறது.