கெலேராவின் சிவப்புச் செருப்பு

சனிக்கிழமை வந்தால் கெலேராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளும் கல்லூரித் தோழர்கள் சிலரும் சேர்ந்து, சுவா நகரத்து ஓரத்தில் இருக்கும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குக் கலர் பென்சிலும் நோட்டும் கொண்டுபோய்க் கொடுத்து, பாடமும் சொல்லித்தருவார்கள். போனதும் முதல் வேலை, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேரையும் ஊரையும் சொல்வது. அது இல்லாமல் இந்தத் தீவுகளில் எதுவும் தொடங்காது. கெலேரா சுவாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் ஊரைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்றும் "நாவுந்தி!" என்று ஊரையே கட்டி ஆள்பவள்போல முழங்கினாள்.

பாடம் முடிந்து வெளியே வந்தால், வாசலில் கழற்றிப்போட்ட புதுச் சிவப்புச் செருப்பைக் காணோம்.

"ஐயோ, என் செருப்ப யாரோ திருடிட்டாங்க!"

நாக்கில் சனி. இல்லத்தை நடத்தும் லோசா அம்மா ஓடி வந்துவிட்டாள். எதிரே ஈரப்பலா மரத்தடியில் ஒன்பது வயது உனைசி, காலைவிடப் பெரிய அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு, கொய்யாக்காயைக் கடித்தபடி, எல்லோரும் பார்க்கட்டும் என்று மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.

"திமிரப் பாரு! சமையக்கட்டுல கை வெச்சப்பவே சொன்னேனா இல்லையா? இன்னொரு தடவை திருடினா லௌதோகா இல்லத்துக்கு அனுப்பிருவேன்னு? உன் தம்பி இங்க, நீ அங்க. போய்ப் பையக் கட்டு!"

கெலேரா இடையில் புகுந்தாள். ஒரு செருப்புக்காக அக்காளையும் தம்பியையும் பிரித்த பாவம் தனக்கா?

"நானே குடுத்ததா வெச்சுக்கங்கம்மா."

"பொய் சொல்லிக் குடுக்கவா இங்க வந்த?"

கெலேரா உனைசியிடம் போய்க் குனிந்தாள். "ஏம்மா எடுத்த? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே?"

உனைசிக்குக் கோபத்தில் உதடு துடித்தது. "உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? நீங்க நாவுந்திதானே? நான் வைலேகா. நாவுந்திக்காரங்க பொருளக் கேக்காம எடுக்கலாம்னு எங்கம்மா சொல்லிருக்கா. நீங்க வந்து திட்டுவீங்கன்னு எவ்ளோ நேரமா நடக்கறேன்! திட்டவே இல்ல. திருடின்னுட்டீங்க."

நாவுந்தியும் வைலேகாவும் பங்காளி ஊர்கள். ஒரே மூதாதை வழி. ஒருவர் பொருளை ஒருவர் எடுக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம், கோபப்பட்டவர் தோற்றவர். ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நகரத்துக் கெலேராவுக்கு மறந்துவிட்டது.

"நீ வைலேகாவா? ஏண்டி இத்தன நாளா சொல்லல?"

"யாரு கேட்டா? வர்றவங்க எல்லாம் அவங்கவங்க ஊரத்தான் சொல்றாங்க."

கெலேராவுக்குச் சுருக்கென்றது. லோசா அம்மா படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "திருட்டு இல்லியா? அப்பாடா! அனுப்ப எனக்கு மட்டும் மனசா இருந்துச்சு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கெலேராவின் நெஞ்சிலிருந்தும் பாறாங்கல் இறங்கியது. இடுப்பில் கை வைத்தாள். முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள்.

"அடியே வைலேகா நண்டுதின்னி! உன் கால் நாத்தத்துல என் செருப்பு மயங்கிக் கிடக்குதுடி!"

உனைசியின் முகம் மலர்ந்தது. "போடி வெறுங்கால் நாவுந்தி! உங்க ஊர்ல செருப்பையும் அவிச்சுத் தின்னுருவீங்க!"

சொல்லி வாய் மூடவில்லை. கெலேரா அவள் கையிலிருந்த பாதிக் கொய்யாவை வெடுக்கென்று பிடுங்கிக் கடித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

அந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொடுக்கத்தான் வருவார்கள். உனைசியின் கையிலிருந்து உரிமையோடு எடுத்துக்கொண்டவர் அதுவரை யாருமில்லை.

"திருடி! திருடி!" உனைசி செருப்புச் சத்தம் கேட்கப் பின்னால் ஓடிவந்தாள். "தம்பி, ஓடி வாடா! நம்ம சொந்தக்காரி என் கொய்யாவத் திருடிட்டா!"

கெலேரா வெறுங்காலோடு பஸ் ஏறினாள். கொய்யா வெறும் துவர்ப்பு. துண்டு விடாமல் தின்றாள்.