மச்சம் இருந்த பக்கம்

ஒன்றாம் வகுப்பில் இரண்டு மிஸ் இருந்தார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் ஒருத்தி பாடம் நடத்தினாள். கதவோர நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தி பென்சில் சீவினாள். இரண்டும் ஒரே ஆள்தான்.

போன வருடம் வரை இந்தக் கதவோர உத்தியோகம் கிடையாது. அவள் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்க்கும். கூட்டல் என்றால் பிள்ளைகளையே ரயில் பெட்டிகளாகக் கோப்பாள். கழித்தல் என்றால் ஒரு பெட்டி கழன்று பொய்யாக அழுதுகொண்டே மூலைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் தாளாளர் அம்மா சொன்னாள்: "உங்க திறமை இந்த நாப்பது பிள்ளைகளோட நின்னுடக் கூடாது டீச்சர். எல்லாப் பாடத்தையும் படம் எடுத்துடுவோம். நம்ம எல்லாக் கிளைக்கும் போகட்டும்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விடுமுறை முழுக்க ஒரு நீலத் துணிக்கு முன்னால் நின்று, இல்லாத பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது யானை மட்டும்தான் என்று யார் சொன்னது?

படம் தயாராகி வந்த அன்று புருஷன் கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

"நீதானா இது? மூஞ்சி என்னவோ மாதிரி இருக்கே."

"பொறாமை" என்றாள்.

அவளுக்கு அந்த முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட வேறு யாரோ போலத்தான் இருப்பாள். இதில்தான் அச்சாகத் தானே இருப்பதாகத் தோன்றியது. படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

பள்ளி திறந்தது, வகுப்புக்கு வகுப்பு திரை வந்தது. பாடத்துக்கு அவள் தேவைப்படவில்லை. ரிமோட்டை அமுக்க, சத்தத்தை அடக்க, ஒன்றுக்கு வருகிற பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் பழக்கதோஷத்தில் நடுவே வாயைத் திறந்துவிட்டாள். "உஷ்! மிஸ் பாடம் நடத்துறாங்க" என்றது முன்வரிசை வாண்டு ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. அவளும் சிரித்து வைத்தாள்.

இந்த வருடத்து நாற்பதில் அவள் மகளும் ஒருத்தி. திரையில் வருபவளுக்கு 'போர்டு அம்மா' என்று பேர் வைத்தது அவள்தான்.

"போர்டு அம்மா கத்தவே மாட்டா. தலை வாரும்போது முடியை இழுக்க மாட்டா."

"அவளுக்குத்தான் கை வெளியவே வராதேடி, எப்படி இழுப்பா?"

"அதான் நல்ல அம்மா."

சொல்லிவிட்டுப் பிள்ளை பல் தேய்க்கப் போய்விட்டது. இவளுக்குத்தான் அன்று முழுக்க அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அப்புறம் ஒரு நாள் காலை, ஷூ மாட்டிவிடக் குனிந்தவள், "வலது காலைக் கொடு" என்றாள். மகள் இடது காலை நீட்டினாள்.

"இது இடதுடி."

"இல்ல, இதான் வலது. போர்டு அம்மா சொன்னா."

"நான்தாண்டி அவ!"

"நீ இல்ல. அவளுக்கு மச்சம் இந்தக் கன்னத்துல. உனக்கு அந்தக் கன்னத்துல."

ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடியே போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். பக்கத்தில் கைபேசியில் படத்தைப் போட்டாள். கண்ணாடியில் இருந்தவளும் படத்தில் இருந்தவளும் மச்சம் உட்பட ஒத்துப்போனார்கள்.

வலது இடது சொல்லித்தர அவளிடம் ஒரு வழி உண்டு. பிள்ளைகளைப் பார்த்து நின்று, 'வலது' என்று சொல்லித் தன் இடது கையைத் தூக்குவாள். எதிரே நிற்கிற பிள்ளை அதே பக்கத்துக் கையைத் தூக்கும்; அது அதன் வலது கையாக இருக்கும். தப்பு அவளோடு போகும், பிள்ளைகளுக்குச் சரியாக வரும். படத்தை வெட்டி ஒட்டியவர் பார்த்திருக்கிறார்: பாவம், டீச்சர் வலதென்று இடதைத் தூக்குகிறாரே. நல்ல மனசு. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிவிட்டார். ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லாப் பாடத்தையும் திருப்பி, அதன் மேல் எழுத்தையும் எண்ணையும் ஒட்டிவிட்டார். இப்போது திரையில் அவள் செய்வது சரி. பிள்ளைகளுக்குத்தான் தப்பு.

அந்தப் பாடம் ஓடியபோது பிள்ளைகளின் கையை அவள் கவனிக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்கப் பிடிக்காமல் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வீட்டில் அத்தனை முறை பார்த்தபோதோ, அவள் பார்த்தது பாடத்தையே அல்ல.

"அந்தப் பாடத்தை நிறுத்திடுங்க மேடம்" என்று தாளாளர் அம்மாவிடம் போய் நின்றாள்.

"விளையாடுறீங்களா? பெற்றோர் நாளுக்கு அதைத்தானே போடப்போறோம்."

"பிள்ளைங்க வலதை இடதுன்னு கத்துக்குதுங்க."

"வளர்ந்தா தானா தெரிஞ்சுக்கும். இதுக்காக எல்லாக் கிளையிலயும் மாத்தச் சொல்வாங்களா?" தாளாளர் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கதவோரத்துக்கு ஒரு ஆயா போதாதான்னு கமிட்டியில கேக்குறாங்க. நான்தான் உங்களுக்காக வாதாடிட்டிருக்கேன். என் வாயை அடைச்சிடாதீங்க."

அவள் தன் வாயை அடைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் மதிய இடைவேளைகளில் பிள்ளைகளை நிறுத்திப் பழக்கினாள். எதிரே நின்றால் 'நீங்க தப்புத் தப்பா தூக்குறீங்க மிஸ்' என்று திரையைக் காட்டினார்கள். அதனால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று வலது கையைத் தூக்கினாள். பாதிப் பிள்ளைகள் அவளைப் போலவே தூக்கினார்கள். மீதிப் பிள்ளைகள், "திரும்புங்க மிஸ், மூஞ்சி தெரியல" என்றார்கள். மகள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் நாளன்று பின்னால் நாற்காலி போட்டிருந்தது. ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் கதவோரம் உட்கார்ந்துவிடுவது என்றுதான் வந்தாள். ராத்திரியே புருஷனிடம் சத்தியம் செய்திருந்தாள்.

திரை மலர்ந்தது. "வலது கை மேலே!" என்றாள் திரையில் இருந்தவள், குயில் மாதிரி.

இடது கைகள் எழும்பத் தொடங்கின. கதவோரத்தில் இருந்தவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரையை ஒட்டிப் போய், வந்தவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டி நின்று, வலது கையைத் தூக்கினாள்.

பாதிப் பிள்ளைகள் கையை மாற்றின. பாதி மாற்றவில்லை. ஒன்றின் முழங்கை இன்னொன்றின் மூக்கில் பட்டது, அழுகை கிளம்பியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு தகப்பன், "பிள்ளைங்களுக்கு வலது இடதே தெரியலையே, இதைத்தானா இத்தனை நாளா சொல்லிக்கொடுத்தாங்க?" என்றான். அவள் திரும்பினாள். மகள் திரையை ஒரு முறையும் அம்மாவை ஒரு முறையும் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு தாளாளர் அம்மா நிதானமாகவே பேசினாள். "நீங்க உக்காந்திருந்தா எல்லாம் ஒரே கையைத் தூக்கியிருக்கும் டீச்சர். ஒரே மாதிரி தூக்கினா எது வலதுன்னு யார் பார்க்கப்போறா?"

அது உண்மை என்பதுதான் எரிந்தது.

"நாளையிலருந்து நீங்க வர வேண்டாம். பிள்ளை வரட்டும், அதுல ஒண்ணுமில்ல."

"படம்?"

"படம் என்ன பண்ணுச்சு?"

மறுநாள் மகள் எந்தக் காலை நீட்டுவது என்று யோசித்து, கடைசியில் இரண்டையும் சேர்த்து நீட்டினாள்.

"இன்னைக்கு போர்டு அம்மா இருப்பாளா?"

"இருப்பா."

"நீ?"

"நான் வீட்ல இருப்பேன்."

"சரி" என்றாள் மகள், கொஞ்சம் யோசித்து. "சாயங்காலம் கத்தாதே."

பள்ளி வாசலில் விட்டாள். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அவளால் உடனே நகர முடியவில்லை. உள்ளேயிருந்து அவள் குரலே கேட்டது. களைப்பில்லாமல், கோபமில்லாமல், முந்தைய நாள் நடந்தது எதுவும் தெரியாமல்: "வலது கை மேலே!"

வெளியே நின்றவளின் இடது கை தானாக அசைந்தது. அதை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.